செந்திலுக்கு, வரிசையைப் பற்றி

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. போன ஞாயிறு பேசும்போது, "எல்லை தாண்டி வர்றவங்களால நம்ம பேரும் கெடுதுப்பா, நாங்கல்லாம் வரிசையில நின்னு வந்தவங்க" என்றாய். பேத்தி பக்கத்தில் இருந்தாள் என்று அப்போது பேச்சை வளர்க்கவில்லை.

நீ இருக்கும் அமெரிக்காவில் இது பழைய பேச்சு, தம்பி. 1844இல் பிலடெல்பியாவில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். முப்பது சொச்சம் வருடம் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் மேடைக்கு மேடை "சீனர்கள் வெளியேற வேண்டும்" என்று முழங்கிய டெனிஸ் கியர்னி யார் தெரியுமா? அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்! 1882இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாதென்று சட்டமே வந்துவிட்டது. அதை நீக்க 1943 ஆனது, அதுவும் போரில் சீனாவின் தயவு தேவைப்பட்டதால்.

சரி, நம் ஆட்கள் கதைக்கு வருகிறேன். பகத் சிங் திண்ட் (தூக்கில் போட்ட பகத் சிங் வேறு) முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு இருந்த சீக்கியர். அந்தக் காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை. இவர் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? நான் உயர்சாதி, ஆரிய வம்சம், கீழ்ச்சாதியோடு கலக்காத ரத்தம், ஆகவே வெள்ளையன் என்று. படித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே கூச்சமும். ஊரில் தெருவைப் பிரித்த அதே கணக்கைக் கடல் கடந்து கொண்டுபோய் உச்ச நீதிமன்றத்தில் நீட்டியிருக்கிறார்கள்.

எடுபடவில்லை. சாதாரண ஜனங்கள் உன்னை வெள்ளையன் என்று நினைக்கமாட்டார்கள் என்று 1923 பிப்ரவரியில் தீர்ப்பு. மூன்று மாதம் முன்புதான் ஓசாவா என்ற ஜப்பானியருக்கு, காக்கேசிய இனம் (அன்றைய இன ஆய்வில் வெள்ளையரை வைத்த பிரிவு; இந்தியரையும் அதில் சேர்த்தவர்கள் உண்டு) இல்லை என்று சொல்லிக் குடியுரிமை மறுத்தது அதே நீதிமன்றம். இரண்டு தீர்ப்பையும் எழுதிய நீதிபதி சதர்லேண்ட், இங்கிலாந்தில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போனவர்.

அப்புறம், ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். வைஷ்ணோ தாஸ் பகாய் என்று ஒருவர். பெர்க்லியில் வீடு வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகள், சாமான் சட்டியோடு போய் இறங்கினால், அவர்கள் நுழைய முடியாதபடி அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்களாம். பிறகு குடியுரிமையும் போயிற்று, கடையும் போயிற்று. 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1946இல் கதவைத் திறந்தபோதுகூட, இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு நூறு பேர்தான். நீ நின்ற வரிசை 1965 குடியேற்றச் சட்டத்தால் வந்தது. கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கி அடி வாங்கிய காலத்துச் சட்டம் அது. அதற்கு முன் போயிருந்தால் அந்த நூறு பேரில் உனக்கு இடம் கிடைத்திருக்குமா, சொல்.

நீ இருக்கும் சியாட்டிலிலிருந்து பெல்லிங்ஹாம் ஊர் காரில் ஒன்றரை மணி நேரம்தானே? 1907 செப்டம்பரில் அங்கே மர அறுவை மில்லில் வேலை பார்த்த பஞ்சாபிகளை ஒரு கும்பல் படுக்கையிலிருந்து இழுத்துப்போட்டு, நகர மண்டபத்தின் அடித்தளத்தில் அடைத்தது. சில நாளில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அதன் நினைவாக 2018இல் கல்லில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். ஜூனில் நாங்கள் வரும்போது கூட்டிப் போ. பேத்தியும் வரட்டும். அம்மாவுக்கு நீண்ட நேரம் உட்கார முடியாது, வழியில் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா