துறைமுகம் அல்ல, ஆன் ஆர்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புத்தகக் கடைகள் பற்றிய கட்டுரையில், "பார்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெருவணிகக் கடை, இணையம் வந்ததும் மூடப்பட்டது" என்று ஒரே வரியில் காரியம் செய்து முடித்துவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாததா? 1971-இல், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில், டாம், லூயி என்ற சகோதரர்கள் தொடங்கிய பழைய புத்தகக் கடை அது.

1984 டிசம்பரில் நான் அங்கே மாணவன். புத்தகம் வாங்கக் காசில்லை. பனி ஒட்டிய பூட்ஸோடு அந்தக் கடையில் இரண்டு மணி நேரம் நின்றபடியே படித்தேன். காலடியில் சின்னக் குட்டையே தேங்கிவிட்டது. கடை ஊழியர் வந்தார். சரி, விரட்டப் போகிறார் என்று புத்தகத்தை மூடினேன். அவரோ தரையைத் துடைத்துவிட்டு, இதே பாடத்தில் இதைவிட நல்லது மேல்தட்டில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். அங்கே வேலைக்குச் சேரப் புத்தக அறிவுக்குத் தேர்வே இருந்தது. எங்கள் கல்லூரி வாசல் கடையிலோ "வாங்கறதுன்னா எடு, இல்லேன்னா வெச்சுட்டுப் போ" என்பார்கள். எடுப்பதற்கும் அங்கே நோட்ஸ் தவிர ஒன்றும் இருக்காது, அது வேறு கதை.

1992-இல் பார்டர்ஸை கேமார்ட் என்ற அமெரிக்கப் பல்பொருள் கடை நிறுவனம் வாங்கியது. 2001-இல் இணைய விற்பனையை அவர்களே அமேசானிடம் ஒப்படைத்தார்கள். 2011-இல், மிச்சமிருந்த 399 கடைகளும் மூடுவிழா கண்டன. இணையம் வந்ததாம், கடை மூடியதாம்! சாவியைக் கொடுத்தது யார் என்று எழுத மட்டும் உங்களிடம் இடமில்லை. புத்தகக் காட்சி வந்தால் டெல்லி அப்பளத்துக்குப் படத்தோடு அரைப்பக்கம் கிடைக்கிறது. ஆன் ஆர்பரிலேயே 1980 முதல் இருந்த ஷாமன் டிரம் என்ற புத்தகக் கடை 2009-இல் மூடியபோது நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாக வெட்டினீர்கள். போதாததற்கு ஊர்ப் பெயரை 'ஆன் ஹார்பர்' என்று அச்சிட்டு, கடலே இல்லாத ஊரில் துறைமுகமும் கட்டிக் கொடுத்தீர்கள். கல்லூரி நண்பர்கள் இன்றும் என்னிடம் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று கேட்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஏதாவதொரு மூலையில், 'பார்டர்ஸ் 1971-இல் ஆன் ஆர்பரில் தொடங்கியது' என்று ஒரு வரி திருத்தம். எழுத்துப் பிழை பார்க்க ஆள் இல்லையென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், நானே எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
31 ஆண்டுச் சந்தாதாரர்,
திருச்சி