தானியங்கிப் பக்கங்கள்: உறுப்பினர்கள் கவனத்துக்கு

வணக்கம். ஒரே டெம்ப்ளேட்டில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நூற்றுக்கணக்கில் இணையப் பக்கம் ஏற்றும் ஸ்கிரிப்ட்டுகளை இனி இங்கே பகிர வேண்டாம். கூகுளுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. பிளம்பரைத் தேடி வருபவருக்கு அந்தப் பக்கத்தில் ஆளும் இல்லை, கட்டணமும் இல்லை. அவர் வீணடித்த நேரம்தான் விளம்பர வருமானமாகிறது.

ஏஐ பயன்படுத்தினாலே தண்டனை என்பது தவறான பேச்சு. 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்த ஸ்பேம் விதி, தரவரிசையை வளைக்கப் பயனற்ற பக்கங்களைக் குவிப்பதைத்தான் தடுக்கிறது. எழுதியது மனிதரா மெஷினா என்று அது பார்ப்பதில்லை.

ஏற்கெனவே ஏற்றியிருந்தால், தேடல் வருகையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் 16 மாதத் தரவை எடுத்து, கிளிக்கே வராத பக்கங்களைப் பிரியுங்கள். ஒரே விஷயத்தைப் பேசுபவற்றை ஒன்றாக்கி 301 ரீடைரக்ட் (பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்புவது) கொடுங்கள். தேறாததை நீக்கி 410 ('நிரந்தரமாக நீக்கப்பட்டது' என்னும் குறியீடு) காட்டுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404 (இல்லாத பக்கம்) என்றே எடுத்துக்கொள்ளும். 'தேடலில் காட்டாதே' என்னும் நோஇண்டெக்ஸ் டேகைப் போட்டுவிட்டு, கிராலரை (பக்கங்களைப் படிக்க வரும் கூகுள் நிரலை) ரோபாட்ஸ் கோப்பிலும் தடுப்பது வழக்கமான சொதப்பல். கிராலர் உள்ளே வந்தால்தானே அந்த டேகைப் படிக்கும்!

மருந்து அளவு, கடன் வட்டி போன்றவற்றை விவரம் தெரிந்தவர் வரிக்கு வரி சரிபார்க்காமல் ஏற்றவே கூடாது. ஏஐ மாடல் தப்பான எண்ணையும் அதே உறுதியான தொனியில்தான் எழுதும்.

மறுபரிசீலனை மனு, கூகுள் ஊழியரே பார்த்து விதிக்கும் தண்டனையான 'மேனுவல் ஆக்‌ஷன்' வந்த தளங்களுக்கு மட்டுமே. முழுக்கச் சுத்தம் செய்த பிறகு, எதை நீக்கினீர்கள் என்பதைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.