கப்பல் நின்ற துறைக்கு ஒரு பலகை

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமேஸ்வரம் தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயிலில் தொடங்கி, பாம்பன் பாலத்தில் படம் எடுத்து, கலாம் நினைவிடத்தில் கும்பிட்டு, அரிச்சல்முனையில் காற்று வாங்கி முடித்துவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் விருந்தாளிகளை அப்படித்தான் கூட்டிப்போவேன். மண்டபத்தில் வீடு இருந்தால் மாதம் ஒரு சொந்தக்காரராவது வந்து இறங்கிவிடுவார். போன மாதம் வந்தவர் என் சம்பந்தி. கூடலூர்க்காரர், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (என் மகனும் அவர் மகளும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் இருந்தபோது அவர்களாகவே முடிவு செய்த கல்யாணம், அது தனிக் கதை.)

அவரையும் கலாம் நினைவிடத்துக்குக் கூட்டிப்போனேன். பேக்கரும்பில் கலாம் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 2017 ஜூலை 27 அன்று திறந்த நினைவிடம் அது. வாசல் டெல்லி இந்தியா கேட் மாதிரி, மேலே குடியரசுத் தலைவர் மாளிகை மாதிரி கவிகை, வெளியே அக்னி ஏவுகணையின் மாதிரி. உள்ளே படம் படமாக ஒரு வாழ்க்கை. தீவில் படகு வைத்துப் பிழைத்த குடும்பத்துப் பையன் மேலே மேலே போய் டெல்லியில் உட்காருகிற கதையைப் பார்க்கிற எவருக்கும் நெஞ்சு நிமிரும், எனக்கும் ஒவ்வொரு தடவையும் நிமிர்கிறது. சம்பந்தி மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது, “நான் வந்து இறங்கின இடம் எங்க இருக்கு சம்பந்தி?” என்று கேட்டார்.

எந்த இடம் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் சிலோனிலிருந்து வந்தவர் என்பது கல்யாணப் பேச்சிலேயே தெரியும், எங்கள் வீட்டில் அதை யாரும் பெரிதாக விசாரித்ததில்லை. 1973இல், ஒன்பது வயதில், அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னார் வந்து, ராமானுஜம் கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு அப்புறம் இப்போதுதான் மறுபடி இந்தத் தீவுக்கு வருகிறாராம்.

சரி என்று கூட்டிப்போனேன். இப்போது விசைப்படகுகள் நிற்கிற பக்கம், ஐஸ் வண்டிகளுக்கும் காயப்போட்ட வலைகளுக்கும் நடுவில் இப்படியும் அப்படியும் நடந்தோம். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தோம், ஒருவர் கிழக்கே காட்டினார், இன்னொருவர் ‘எந்தக் கப்பல்?’ என்று கேட்டார். இந்த இடத்தில் இத்தனை வருடம் கப்பல் வந்தது, இன்னார் வந்து இறங்கினார்கள் என்று எழுதிய ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

விஷயம் தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம்முடைய மாவட்டத்திலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்துக் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைத் தோட்டங்களுக்கு, அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு அந்தப் போக்குவரத்துக்கு இதுதான் ராஜபாட்டை. எங்கள் மண்டபம் கேம்ப் அதற்காகக் கட்டியதுதான், இலங்கை அரசாங்கம் இந்த மண்ணில் நடத்திய முகாம். காலரா, அம்மை அங்கே வந்துவிடக் கூடாது என்று போகிறவர்களைச் சில நாள் அடைத்துவைத்து, ஊசி குத்தி, பிறகுதான் கப்பலேற்றினார்கள். அங்கே காட்டை அழித்துத் தேயிலை போட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பெரும்பாலானவர்களை 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அப்புறம் 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த ஒன்றரை லட்சத்தையும் 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். அரிசி மூட்டை பிரிக்கிற மாதிரி என்று எழுதினால் நீங்கள் வெட்டிவிடுவீர்களோ என்னவோ, எனக்கு வேறு உவமை தோன்றவில்லை. போகிறாயா இருக்கிறாயா என்று அந்த மக்களைக் கேட்டு முடிவு செய்த கணக்கு இல்லை அது.

1964 ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியையே கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் அதிலிருந்த நூறு பேருக்கு மேலானவர்களும் கடலோடு போனார்கள். கப்பல் துறை ராமேஸ்வரத்துக்கு மாறியது. தனுஷ்கோடிக்குப் போனால் இடிந்த சர்ச்சையும் ரயில் நிலையத்தையும் காட்டி எல்லோரும் புயல் கதை சொல்லுவார்கள். அந்த ரயில் நிலையம் யாருக்காக இருந்தது, அங்கிருந்து யார் யார் கப்பல் ஏறினார்கள் என்பதைச் சொல்ல ஆள் கிடையாது.

கலாம் தம் சிறுவயதைப் பற்றி எழுதும்போது, யுத்தகாலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காததால் ஓடுகிற வண்டியிலிருந்து பேப்பர் கட்டுகளை வீசுவார்கள், அதைப் பொறுக்கிக் கொடுத்துத்தான் முதல் சம்பளம் வாங்கினேன் என்கிறார். அது தனுஷ்கோடிக்குப் போகிற ரயில். அதே தண்டவாளத்தில்தான் சம்பந்தியின் பாட்டனாரும் போயிருப்பார். ஒருவர் கதைக்கு மண்டபம் கட்டியிருக்கிறோம், கட்ட வேண்டியதுதான். இன்னொருவர் கதைக்கு ஒரு பலகை வைக்கக் கூடாதா?

சம்பந்தி சொன்னதில் ஒன்று மனதில் நிற்கிறது. இந்தியாவுக்கு வர எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். அவருடைய அப்பா சிலோனில் பிறந்தவர், என்ன எழுதுவார்? பாட்டனார் வாயிலிருந்து கேட்ட முசிறி பக்கத்து ஊர்ப் பெயரை எழுதியிருக்கிறார். இங்கே வந்து மண்டபம் கேம்பில் இருந்துவிட்டு அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தால் இவர்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு நீலகிரியில் தொடங்கிய தோட்டத்தில் வேலை கிடைத்தது. மறுபடி தேயிலை, மறுபடி வரிசையாகக் கட்டிய லயன் வீடு. அங்கே இந்தியாக்காரர் என்றார்கள், இங்கே சிலோன்காரர் என்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எனக்கும் 1973இல் பத்துப் பன்னிரண்டு வயது. கப்பலில் வந்தவர்கள் கைச்செலவுக்காகச் சிலோன் சோப்பு, துணி, பாத்திரம் என்று கிடைத்த விலைக்கு விற்பார்கள், எங்கள் ஊர் ஆட்கள் பேரம் பேசி வாங்குவார்கள். எங்கள் அம்மா வாங்கிய பித்தளைக் குடம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைத்தது என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி வந்திருந்த இரண்டு நாளும் அதைப் பரணில் ஏற்றி வைத்திருந்தேன்.

பெரிய மணிமண்டபம் எதுவும் கேட்கவில்லை. ராமேஸ்வரம் துறையில் ஒன்று, மண்டபம் கேம்ப் வாசலில் ஒன்று, தனுஷ்கோடி ரயில் நிலையச் சுவருக்கு முன்னால் ஒன்று, தமிழில் பத்து வரி, உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத மாதிரி கருங்கல்லில். சம்பந்தப்பட்ட துறைகளுக்குத் தனியாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் நீங்கள் ஓர் உதவி செய்யலாம். கூடலூர், கோத்தகிரி, வால்பாறை என்று எங்கெங்கோ இருக்கிற உங்கள் வாசகர்களில் அந்தக் கப்பலில் வந்தவர்கள், வந்த வருடத்தையும் சொந்த ஊர் என்று எழுதிக்கொடுத்த ஊர்ப் பெயரையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதியனுப்பட்டும். வருவதை அப்படியே பிரசுரியுங்கள். மனுவோடு இணைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், மண்டபம்