அந்த ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்க சார்: கடல் வானிலை அறிவிப்பு தர்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடல் வானிலை அதிகாரிகளுக்கும், படகு விபத்தை விசாரிச்சு ரிப்போர்ட் எழுதுற அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்க படகு விபத்தை பத்தி நீங்க எழுதின ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு. நாலு பக்கம். கடைசி பக்கத்துல "படகை இயக்கியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்"னு முடிச்சிருக்கீங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், மூணு தடவை கூப்பிட்டு கேட்டீங்க, மூணு தடவையும் அதையேதான் சொன்னோம், அதனால மறுபடியும் முழுசா எழுதி உங்க நேரத்தை வீணாக்கல.

உங்க அறிவிப்புல அன்னைக்கு அலை உயரம் 2.5 மீட்டர்னு இருந்துச்சு. எங்க படகு 14 மீட்டர் நீளம். அது எங்களுக்கு சுகமான கடல் இல்லதான், ஆனா பழகின கடல். ராத்திரி முழுக்க நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு, அதுக்கு நன்றி. வெளுக்கிற நேரத்துல முன்னாடி திடீர்னு ஒரு பள்ளம் விழுந்துச்சு, அணியம், அதாவது படகோட முன்பக்கம், அப்படியே உள்ள இறங்குச்சு, நிமிர்ந்து பார்த்தா எதிர்ல வானம் இல்ல. அதுக்கப்புறம் வீல்ஹவுஸ் கண்ணாடி இல்ல, இன்ஜின் இல்ல, டெக்ல நின்ன ஒருத்தர் இல்ல. அவர் கால்ல கயிறு சுத்திக்கிட்டதால கால் ஒடிஞ்சுது, அதே கயிறு இருந்ததாலதான் ஆளும் கிடைச்சார்.

ஸ்டீரிங்ல இருந்தது என் தம்பி. அந்த ரெண்டு மூணு செகண்டுல அவன் அணியத்தை அலைக்கு நேரா திருப்பினான். பக்கவாட்டுல வாங்கியிருந்தா படகு உருண்டிருக்கும், இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவனைத்தான் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க.

விசாரணையில அலை எவ்வளவு உயரம்னு அவன்கிட்ட கேட்டீங்க. "மாஸ்ட் லைட்டுக்கும் மேல சார்"னான், படகு கம்பத்துல இருக்கிற விளக்கை சொன்னான். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த ஒருத்தர் சிரிச்சுட்டு, பயத்துல எல்லாமே பெருசாத்தான் தெரியும் தம்பின்னார். கோவமா திட்டியிருந்தாகூட பரவாயில்லன்னு இருந்துச்சு. அடுத்த நாள் படகு ரிப்பேருக்கு நின்ன இடத்துக்கு தம்பி ஒரு டேப் எடுத்துட்டு போனான், தண்ணிக்கோட்டுல இருந்து மாஸ்ட் லைட் வரைக்கும் அளந்தான், 6 மீட்டர் 20 சென்டிமீட்டர். ஒரு பேப்பர்ல எழுதி, பள்ளத்துல படகு எப்படி இருந்துச்சு, லைட் எங்க இருந்துச்சு, முகடு எங்க தெரிஞ்சுதுன்னு படமும் போட்டு உங்க ஆபீசுக்கு கொண்டு வந்தான். விசாரணை முடிஞ்சு போச்சுன்னு சொல்லி பேப்பரை வாங்கவே இல்ல. லைசென்ஸை நிறுத்தி வெச்சதுல இருந்து வீட்டுலதான் இருக்கான். இன்னமும் விடியக்காலைல மூணு மணிக்கு எழுந்து உக்கார்றான், பழக்கம். எங்க போறதுன்னு தெரியாம சுவத்தை பார்த்துட்டு உக்காந்திருக்கான். அதை பார்க்க முடியலங்க.

1933ல ராமாபோன்னு ஒரு அமெரிக்க கடற்படை கப்பல் வட பசிபிக்ல புயல்ல போச்சு. அதுல ட்யூட்டில இருந்த ஆபீசர், கப்பல் பள்ளத்துல இருக்கும்போது பின்னாடி வந்த அலையோட முகடு மாஸ்ட்ல இருக்கிற காவல் கூண்டுக்கு நேரா தெரிஞ்சதை கவனிச்சு வெச்சுக்கிட்டார். அதை வெச்சு கணக்கு போட்டதுல 34 மீட்டர்னு வந்துச்சு. இன்னைக்கும் புத்தகத்துல போடறாங்க. என் தம்பி பண்ணினதும் அதேதான் சார். கூண்டுக்கு பதிலா லைட்டு, அவ்வளவுதான். அந்த ஆபீசருக்கு கணக்குன்னு பேரு, இவனுக்கு பயம்னு பேரு.

சிரிக்கிறதும் புதுசு இல்ல. 1826ல த்யுமோன் துர்வில்னு ஒரு பிரெஞ்சு கேப்டன் இந்தியப் பெருங்கடல்ல 30 மீட்டருக்கு மேல அலையை பார்த்தேன்னு சொன்னார், கூட இருந்தவங்களும் பார்த்திருக்காங்க, பிரான்சுவா அரகோங்கிற பெரிய விஞ்ஞானி கேலி பண்ணிட்டார். அதுக்கப்புறம் நூத்தம்பது வருஷத்துக்கு மேல கடல்ல போனவங்க சொன்னதெல்லாம் கட்டுக்கதைதான். 1995 ஜனவரி 1ஆம் தேதி வட கடல்ல நார்வேக்காரங்களோட ட்ராப்னர் எரிவாயு மேடையில இருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலை ஒண்ணை பதிவு பண்ணுச்சு. சுத்தி இருந்த கடல் 12 மீட்டர் அளவுலதான் இருந்துச்சு. அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. எங்க படகுல லேசர் கிடையாது சார், தம்பியோட ரெண்டு கண்ணுதான் இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீங்க அறிவிப்புல போடற "அலை உயரம்" உண்மையில என்னன்னு எங்களுக்கு இத்தனை வருஷமா யாரும் சொன்னதில்ல, இந்த விபத்துக்கு அப்புறம் நாங்களா தேடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டோம். இருக்கிற அலையெல்லாம் வரிசைப்படுத்தி, அதுல பெரிய மூணுல ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதோட சராசரியைத்தான் போடறீங்க. உங்க பாஷையில குறிப்பிடத்தக்க அலை உயரம். அப்போ 2.5 மீட்டர்ங்கறது மேல் வரம்பு கிடையாது. ஆனா கரையில நின்னு அறிவிப்பை படிக்கிற எங்களுக்கு, இன்னைக்கு 2.5க்கு மேல போகாதுன்னுதான் புரியுது. நாங்க தப்பா புரிஞ்சுக்கிட்டோம்னு வெச்சுக்கலாம். ஒரு தொழில்ல இருக்கிற அத்தனை பேரும் ஒரே மாதிரி தப்பா புரிஞ்சுக்கிட்டா, எழுதின விதத்தையும் ஒரு தடவை பார்க்கணும் இல்லையா? ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. ஆழம் சொல்ல வேண்டியவங்களே சராசரியை மட்டும் சொல்லிட்டு போனா காலை எங்க விடறது?

இதுல மாயம் மந்திரம் ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கு எங்களை விட நல்லா தெரியும். நீங்க போடற நம்பரை போல ரெண்டு மடங்கு உயரத்தை தாண்டற அலை, சாதாரண கணக்குலயே சுமார் மூவாயிரத்துல ஒண்ணு வரும். ஒரு அலைக்கு 8 செகண்ட்னா மூவாயிரம் அலை போக ஆறு மணி நாப்பது நிமிஷம் ஆகும். நாங்க கடல்ல இருக்கிறது நாள் கணக்கா. இது சாதாரண கடலுக்கு போட்ட கணக்கு. நீரோட்டம் ஒரு பக்கம் ஓடி அலை எதிர்ல வந்தா அலை நெருங்கி செங்குத்தா எழும்பும், தென்னாப்பிரிக்கா பக்கம் அகுல்யாஸ் நீரோட்டத்துல கப்பல்காரங்க பயப்படறது இதுக்குத்தான். ரெண்டு திசையில இருந்து அலை குறுக்க வந்து மோதினாலும் அப்படித்தான், ட்ராப்னர் அலையை ஒரு தொட்டியில திரும்ப உருவாக்கி பார்த்தவங்க 2019ல வெளியிட்டாங்களே, ரெண்டு அலைக்கூட்டம் சுமார் 120 டிகிரியில குறுக்க சந்திச்சப்போதான் அந்த உருவம் வந்துச்சுன்னு.

அன்னைக்கு உங்க அறிவிப்பை இப்ப எடுத்து பாருங்க. தூரத்து புயல்ல இருந்து வர்ற நீள அலை தெற்குல இருந்து. காத்தும் காத்தால எழும்பற அலையும் கிழக்குல இருந்து. ரெண்டும் உங்க கையில இருந்த தகவல்தான், தனித்தனி கட்டத்துல அழகா போட்டிருக்கீங்க, ரெண்டையும் சேர்த்து "இன்னைக்கு குறுக்கலை கடல், சராசரியை நம்பாதீங்க"ன்னு எழுத மட்டும் இடம் இல்லாம போச்சு.

பெரிய கப்பல் கதைன்னு தள்ளிடாதீங்க. 2008 ஜூன்ல ஜப்பானோட சூவா மாரு 58ன்னு ஒரு மீன்பிடி படகு பசிபிக்ல பாராசூட் நங்கூரம் (தண்ணிக்குள்ள குடை மாதிரி விரிஞ்சு படகை இழுத்து நிறுத்தறது) போட்டு நின்னுட்டு இருந்துச்சு. 20 பேர், அதுல 17 பேர் திரும்பல. அன்னைக்கு அந்த கடல் ஒண்ணும் பயங்கர கடல் இல்ல, அலை 2, 3 மீட்டர் அளவுதான். அப்புறம் ஆராய்ச்சி பண்ணினவங்க அங்கயும் நீள அலையும் காத்து அலையும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததைத்தான் பேசறாங்க. சின்ன படகுக்கு 25 மீட்டர் அலை எதுக்குங்க, அஞ்சு ஆறு மீட்டர் உடைஞ்சு விழுந்தா போதும்.

எந்த அலை எத்தனை மணிக்கு வரும்னு சொல்லுங்கன்னு கேக்கல. அது யாராலயும் முடியாதுன்னு தெரியும். கேக்கறது ஒரே ஒரு வரி. அலை உயரம் 2.5 மீட்டர்னு போடற இடத்துக்கு கீழ, "தனி அலை 5 மீட்டர் வரையோ அதுக்கு மேலயோ வரலாம்"னு ஒரு வரி. குறுக்கலை இருந்தா அதையும் அதே வரியில. ஐரோப்பிய வானிலை மையத்தோட மாடல் அதிகபட்ச தனி அலை உயரத்தை பல வருஷமா கணக்கு போட்டு தந்துட்டுத்தான் இருக்கு, புதுசா கண்டுபிடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்ல.

ஆனா உங்களுக்கு வேற வேலை நிறைய இருக்கும்னு புரியுது. விபத்து நடந்த அடுத்த வாரமே விழிப்புணர்வு கூட்டம் போட்டீங்க. பேனர் பெருசா இருந்துச்சு, எங்க படகை விட கொஞ்சம்தான் சின்னது. "கடலுக்குச் செல்வோர் கவனமாக இருக்கவும்"னு அதுலயும் எழுதியிருந்துச்சு. கவனமான்னா என்னங்க? எதை கவனிக்கணும்னு சொல்லாம கவனிக்க சொன்னா எப்படி கவனிக்கிறது? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் குடுத்து போட்டோ எடுத்தீங்க, போட்டோ முடிஞ்சதும் பாதி ஜாக்கெட்டை திரும்ப வாங்கிட்டீங்க. ஒயர்லெஸ் ரிப்பேர்னு குடுத்த மனு எங்க போச்சுன்னே தெரியல. கரை வந்தா ஆயிரம் பேப்பர், ஆயிரம் கையெழுத்து, கடல்ல போகும்போது மட்டும் ஒரே ஒரு நம்பர். அடுத்த தடவை ராட்சத அலை வந்தா அதுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பி விசாரணைக்கு கூப்பிடுங்க, தம்பி தனியா வர வேண்டியதில்ல.

மன்னிக்கணும். வார்த்தை கொஞ்சம் ஓடிருச்சு. உங்கள்ல நிறைய பேர் ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு புயல் எச்சரிக்கை குடுக்கறவங்க, அதை கேட்டு திரும்பி வந்து பிழைச்சவன்ல நானும் ஒருத்தன். அந்த உரிமையிலதான் கேக்கறேன்.

தயவுசெஞ்சு அந்த ஒரு வரியை சேருங்க. விசாரணை ஆபீசர்களுக்கு, அந்த இடத்துல அலையை அளந்த மிதவையோ கருவியோ எதுவும் இல்லாதப்போ, அறிவிப்புல இருந்த சராசரியை எடுத்து வெச்சுக்கிட்டு ஸ்டீரிங் பிடிச்சவனை குத்தவாளி ஆக்காதீங்க. "அலை உயரம் உறுதி செய்ய இயலவில்லை"ன்னு எழுதுங்க, அது உண்மைதானே. தம்பியை பத்தி நீங்க எழுதின ரிப்போர்ட்டை மறுபடி ஒரு தடவை பார்க்கணும்னு பணிவோட கேட்டுக்கிறேன்.

அவன் அளந்து எழுதின பேப்பரை இதோட சேர்த்து அனுப்பறேன். 6 மீட்டர் 20. படம் கொஞ்சம் கோணலா இருக்கும், வலது கை இன்னும் சரியாகல. இந்த தடவையாவது வாங்கி ஃபைல்ல வெச்சுக்கங்க.

இப்படிக்கு,
அன்னைக்கு அதே படகுல இன்ஜின் பக்கம் நின்னவன்