கை நடுக்கத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் பிஸ்டலின் சைட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பிறகு, கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் தங்கள் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்கலாமா என்று விசாரிக்கும் பெற்றோர் பலரைச் சந்திக்கிறேன். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் சில மாதங்களில் சொல்லும் குறை ஒன்றுதான்: "எம்பையனுக்குக் கை நிக்கவே மாட்டேங்குதுங்க." பயிற்சியாளர்களும் உடனே தோளுக்கும் மணிக்கட்டுக்கும் உடற்பயிற்சி கொடுக்கிறார்கள். அது தேவைதான் என்றாலும், குறிபார்ப்பதற்காகப் பிஸ்டலின் மேல் இருக்கும் சைட் பிள்ளையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று யாரும் முதலில் கேட்பதில்லை என்பதே என் வருத்தம்.

இந்தப் போட்டியில் தொலைநோக்கிக்கோ லேசருக்கோ அனுமதி இல்லை. குழலின் முனையில் நிற்கும் முன் சைட் தகட்டைப் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நிறுத்தி, இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக் கோடு தெரிய, மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்கச் சுட வேண்டும். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம் இருக்கும் பிஸ்டலில், முன் சைட் நடுவிலிருந்து 0.3 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கு அட்டையில் பெல்லட் எனும் சிறு குண்டு 9 மி.மீ. விலகிப் போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ.; ஆகவே அந்த ஒரு முடியளவு விலகலுக்கே பத்து ஒன்பதாகிவிடும். மாறாக, சைட் இரண்டும் சரியாக ஒன்றியிருக்க, கை மொத்தமும் 3 மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் 3 மி.மீ. மட்டுமே நகரும், பத்து கெடாது. கை ஆடுவதைவிடச் சைட் தெரியாமல் போவதே பெரிய இழப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

பயிற்சி இடங்களில் ஒரே பிஸ்டலைப் பலர் மாற்றி மாற்றி எடுத்துச் சுடுகிறார்கள். உயரமான பெரியவர் ஒருவருக்கு அமைத்த பின் சைட் பள்ளம், கை நீளம் குறைந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. பிஸ்டல் கண்ணுக்கு அருகில் வரும்போது முன் சைட்டைவிடப் பின் சைட் அதிகமாகப் பெரிதாகிறது; எனவே பள்ளம் அகன்று, இரு பக்க வெளிச்சமும் தேவைக்கு மேல் விரிந்து தெரியும். நடு எது என்று கண் தடுமாறுகிறது. பெற்றோருக்கு அது கை நடுக்கமாகப் படுகிறது. போட்டிக்கான பிஸ்டல்களில் பலவற்றில் பள்ளத்தின் அகலத்தைத் திருகு ஒன்றால் கூட்டவும் குறைக்கவும் முடியும்; முன் சைட் தகட்டையும் 4, 4.5, 5 மி.மீ. என்று மாற்றிப் பொருத்தலாம். ஒவ்வொரு பக்க வெளிச்சமும் முன் சைட்டில் பாதி அகலம் தெரியும்படி வைத்துத் தொடங்கி, பிறகு அவரவர் கண்ணுக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பதே நல்லது என்பது என் கருத்து. மாற்றியபின் பெல்லட் கூட்டம் இடம் மாறினால் பின் சைட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும்: கீழே விழுந்தால் பின் சைட்டை உயர்த்த வேண்டும், வலப்புறம் விழுந்தால் இடப்புறம் நகர்த்த வேண்டும்.

நாற்பதைக் கடந்து விளையாட வருபவர்களின் சிக்கல் வேறு. வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்கானது, முன் சைட்டோ முழங்கை மடக்காமல் நீட்டிய கைக்கும் அப்பால் இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் முன் சைட்டும் மங்கும், இலக்கு கிட்டத்தட்ட மறைந்தே போகும். தூரப் பார்வைக்கான பவருடன் அரை அல்லது முக்கால் பவர் கூட்டி, சுடுவதற்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொண்டால் முன் சைட் கூர்மையாகவும் இலக்கின் கரும்வட்டம் சற்றே மங்கலாகவும் தெரியும், அதுதான் வேண்டியதும். இரண்டு பவர் உள்ள கண்ணாடியோடு தலையை அண்ணாந்து சுடுவதைக் கட்டாயம் விட வேண்டும். சுடுபவர் கண்ணாடி அணிவதற்கு விதியில் தடையில்லை. பிஸ்டலின் மீது லென்ஸ் பொருத்தத்தான் கூடாது.

தகடு பளபளப்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. விரல் பட்டுப் பட்டு முன் சைட்டின் மேல் முனையில் கருமை தேய்ந்துவிடுகிறது. மேலே டியூப் லைட் எரியும்போது அந்த முனை வெள்ளையாக மின்னி, நேர்க்கோடாக இருக்க வேண்டிய விளிம்பு வளைந்ததுபோலத் தோன்றுகிறது. பெல்லட்டுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு நம் வீட்டுப் பூஜை அறையிலேயே மருந்து உண்டு. தகட்டைத் தனியே கழற்றி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, குறட்டில் பிடித்துக்கொண்டு எரியும் கற்பூரத்தின் புகையில் சில நொடி காட்டினால், ஒளியைத் திருப்பாத மங்கலான கரி படியும். அதன்மேல் விரல் படாமல் மாட்ட வேண்டும். பிஸ்டலோடு சேர்த்துப் புகை காட்டுவது மட்டும் கூடவே கூடாது. அதன் சிலிண்டரில் 200 பார் வரை அழுத்தக் காற்று இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு முன் சைட் தகட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்பு செட்டுக்கும் நூற்பாலைக்கும் நுணுக்கமான உதிரி பாகங்களைச் செய்து தரும் கோவைப் பட்டறைகளுக்கு, அளவு பிசகாமல் ஒரு சிறு தகட்டை வயர்-கட் இயந்திரத்தில் வெட்டித் தருவது பெரிய வேலையே அல்ல. துப்பாக்கி சுடும் சங்கங்கள் முன்வந்து, வெவ்வேறு அகலங்களில் மொத்தமாகச் செய்து வாங்கி, பொதுப் பயன்பாட்டில் உள்ள ஒவ்வொரு பிஸ்டலுடனும் ஒரு தொகுப்பு வைக்க வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே கண் பரிசோதனை நடத்தி, அவரவருக்குப் பொருந்தும் தகட்டையும் பள்ளத்தின் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், பிஸ்டல் கை மாறும்போதெல்லாம் இரண்டே நிமிடத்தில் சரிசெய்துகொள்ளலாம். மகனுக்காகவோ மகளுக்காகவோ லட்சக்கணக்கில் கொடுத்துப் புதிய பிஸ்டல் வாங்க எண்ணும் பெற்றோரும், அதற்கு முன் இப்போதுள்ள பிஸ்டலின் சைட்டைப் பிள்ளையின் கண்ணுக்கு ஏற்ப அமைத்துத் தரும்படி பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடும் விளையாட்டு ஆர்வலர்,
கோபிசெட்டிபாளையம்.