ஓவியக்காரிக்காக வேண்டிக்கொள்ளச் சொன்ன சிஸ்டருக்கு

அன்புள்ள சிஸ்டர் பிளவுத்தில்லா நெல்லி,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மூன்று முறை மடத்துத் தலைவியாக இருந்தவர், 'மதர்' என்பதுதான் முறை. ஆனால் நான் படித்தது கன்னியர் நடத்திய பள்ளியில். வெள்ளை அங்கியைக் கண்டாலே வாயில் 'சிஸ்டர்' என்றுதான் வரும். அப்புறம் அந்த நெல்லி! இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துத் துணி வியாபாரி வீட்டுப் பெயர் என்று தெரிந்தும், முதல் தடவை படித்தபோது நாக்கில் துவர்ப்புத் தட்டியது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இயேசு தன் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்டதை நீங்கள் வரைந்த 'கடைசி இராவுணவு' ஓவியத்தின் ஓரத்தில் லத்தீனில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்: 'சிஸ்டர் பிளவுத்தில்லா. ஓவியக்காரிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.' பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. செய்த தொழிலையும், அதைச் செய்தது ஒரு பெண் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். வேண்டிக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1538இல் சாந்தா கத்தரீனா மடத்துக்குள் போனபோது உங்களுக்கு 14 வயது. உங்கள் சகோதரியும் அதே மடத்தில்தான் இருந்தார். அந்த ஊரில் அது அதிசயமே இல்லை. சீதனக் கணக்கு அப்படி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பணம் சேர்ப்பதற்கென்றே ஃப்ளாரன்ஸ் அரசு 1425இல் ஒரு சீதன நிதியைத் தொடங்கியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மடத்துக்கும் சீதனம் உண்டு, ஆனால் மாப்பிள்ளை வீடு கேட்பதைவிட மிகக் குறைவு. இரண்டு மூன்று பெண்களைப் பெற்ற அப்பாக்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். சில பெண்களுக்கு உண்மையிலேயே கடவுளின் அழைப்பு இருந்திருக்கும், சிலருக்கு அப்பாவின் கணக்கு மட்டும்தான். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டேன். 14 வயதில் உங்களுக்கே அது பிரித்துத் தெரிந்திருக்குமா?

25 வருடம் கழித்து, 1563இல், கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் கூடி, 16 வயது ஆகாத பெண் துறவற வார்த்தைப்பாடு கொடுக்கக் கூடாது, கட்டாயப்படுத்தி மடத்தில் சேர்ப்பவர்களுக்குத் திருச்சபையில் இடமில்லை என்றது. நல்லதுதானே என்று நினைப்பதற்குள் இன்னொன்றையும் சொன்னது: உள்ளே போன கன்னியர் வெளியே வரவே கூடாது. கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் சொந்தபந்தம், அந்தப் பக்கம் நீங்கள். பொருள் வாங்க, கொடுக்க, சுவரில் பதித்த ஒரு சுழலும் மரப்பெட்டி. இந்தப் பக்கம் வைத்துச் சுற்றினால் அந்தப் பக்கம் போய்விடும், ஆள் முகம் தெரியாது. கட்டாயப்படுத்தி உள்ளே தள்ளாதே என்று சொன்ன அதே கூட்டம், தள்ளப்பட்டவர்கள் திரும்பி வரும் வழியையும் அடைத்துவிட்டது. எனக்கு இதில் இன்றுவரை ஆறாத கோபம்.

ஆனால் உங்களைப் பார்த்துப் 'பாவம்' என்று சொல்லவும் வரவில்லை.

உங்கள் மடம், ஆடம்பரத்தைக் கண்டித்துப் பேசிய துறவி சவொனரோலாவைப் பின்பற்றியவர்கள் 1496இல் தொடங்கியது. மறுவருடம்தான் அவருடைய ஆட்கள் கண்ணாடி, அலங்காரப் பொருள், ஓவியம் எல்லாவற்றையும் நடுத்தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். அதற்கடுத்த வருடம் அவரையே கொன்று எரித்தார்கள். அதே மனிதர்தான், பெண்கள் சோம்பி இருக்காமல் பக்திப் படங்கள் வரையட்டும் என்றவர். படத்தைக் கொளுத்தியவரின் வழிவந்த மடத்தில் ஓவியக்கூடம்! அவருடைய சீடரான, ஓவியத் துறவி ஃப்ரா பார்த்தலொமியோவின் கோட்டுப் படங்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் உங்களிடம் வந்து சேர்ந்தன. ஆசான் இல்லை. அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்தே கை பழகியிருக்கிறது. பிறகு நீங்களே மற்ற சிஸ்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். புருதென்சா கம்பி, அகதா திராபலேசி, மரியா ருஜ்ஜியேரி என்று பெயர்கள்கூட மிஞ்சியிருக்கின்றன. வெளியே, ஓவியர் வீட்டில் பிறக்காத எந்தப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு பட்டறை கிடைத்தது? கல்யாணம் செய்துவைத்திருந்தால் பிரசவத்துக்கும் பிரசவத்துக்கும் நடுவில் எத்தனை படம் வரைந்திருப்பீர்கள்?

வசாரி 1568இல் தன் ஓவியர் வரலாற்றில் உங்களைப் பற்றி எழுதினார். ஃப்ளாரன்ஸ் பெரிய மனிதர்கள் வீடுகளில் உங்கள் படங்கள் எக்கச்சக்கம், எல்லாவற்றையும் சொன்னால் அலுத்துவிடும் என்கிறார். ஆண்களைப்போலப் படிக்கவும் உயிருள்ளவற்றைப் பார்த்து வரையவும் வாய்ப்பிருந்தால் அற்புதங்கள் செய்திருப்பார் என்கிறார். நீங்கள் வரைந்த பெண் முகங்கள் ஆண் முகங்களைவிட நன்றாக இருப்பதையும் கவனிக்கிறார், பெண்களை வேண்டிய மட்டும் பார்க்க முடிந்ததே என்று. நியாயமான மனிதர்தான். இருந்தாலும், 'கடைசி இராவுணவில்' நீங்கள் வரைந்த இயேசுவின் சீடர்களின் முகங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தாடியை எடுத்துவிட்டால் பாதிப் பேர் சிஸ்டர்கள். அவருக்குக் குறையாகப் பட்டது எனக்குப் பிடித்தே இருந்தது.

சாப்பாட்டு அறையில் மாட்டுவதற்கான படம் இல்லையா அது? ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், ஆளுயரத்துக்கு 13 பேர். அந்த ஊர் மடங்களில் இது வழக்கம்தான். சாந்தா அப்போலோனியா மடத்துக் கன்னியருக்கு 1447 வாக்கில் கஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் வந்து சுவரில் வரைந்துகொடுத்தார். உங்கள் மடத்துக்கு அப்படி ஓர் ஆண் தேவைப்படவில்லை. பெரிய ஓவியர்களின் மேஜைகளில் பெரும்பாலும் ரொட்டியும் வைனும் இருக்கும், மற்றது பேருக்குத்தான். உங்கள் மேஜையில் முழுசாக வாட்டிய ஆட்டுக்குட்டி, அவரை விதை, லெட்டூஸ் கீரை, உப்புக் கிண்ணம், சீனப் பீங்கான். பந்தியில் யாருக்கும் எதுவும் குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்ததுபோல இருக்கிறது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 1588இல் போய்விட்டீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்தையே மூடிவிட்டார்கள். படம் சாந்தா மரியா நொவெல்லா மடத்துக்குப் போனது, சில காலம் சுருட்டியும் கிடந்தது. கடைசியில் 4 வருடம் உட்கார்ந்து அதைச் சரிசெய்ததும் ஒரு பெண்தான். 'ஒரு சீடரைத் தத்தெடுங்கள்' என்று சொல்லி ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். 2019 அக்டோபரிலிருந்து யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

எனக்கு அந்த மேஜை விரிப்பில்தான் கண் போகிறது. மடித்து வைத்து எடுத்த துணியில் கட்டம் கட்டமாகத் தடம் விழுமே, அதை விடாமல் வரைந்திருக்கிறீர்கள். ஆனால் மடங்களில் இரண்டு வகைக் கன்னியர் உண்டு என்று படித்திருக்கிறேன். நிறைய சீதனத்தோடு வந்து பாடற்குழுவில் உட்கார்ந்தவர்கள் ஒரு வகை. குறைந்த பணத்தோடு வந்து சமைத்து, துவைத்து, தண்ணீர் சுமந்தவர்கள் இன்னொரு வகை. உங்களுக்குத் தூரிகை பிடிக்க நேரம் கிடைத்ததில் அவர்கள் கைக்கும் பங்கு இருந்திருக்கும்.

அந்த விரிப்பைத் துவைத்து மடித்து வைத்த சிஸ்டரின் பெயர் என்ன?

அன்புடன்,
உங்கள் பெயரை இன்னமும் காயாகவே படிக்கும் ஒருத்தி