அத்தை, சோப்பு டப்பா எடைக்குப் போகவில்லை

அத்தைக்கு,

உங்கள் சோப்பு டப்பா, அந்தச் சின்ன ரேவா பேட்டரி கார், என்னிடம்தான் இருக்கிறது. இரும்புக்கடைக்குப் போய்விட்டதாக உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும் அது பொய். சொன்னவர் இதையும் படிப்பார், படிக்கட்டும்.

வீட்டு விஷயத்தை இங்கே எடுக்கப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் கார் பைத்தியங்கள், மீதிப்பேர் நம் சொந்தக்காரர்கள். முதல் கூட்டத்துக்கு அது தேவையில்லை, இரண்டாவது கூட்டத்துக்கு என்னைவிட அதிகமாகவே தெரியும். நீங்கள் போனை எடுத்திருந்தால் இத்தனை பேர் முன்னால் எழுதவேண்டி வந்திருக்காது. சரி, விடுங்கள்.

உங்கள் வீட்டு போர்ட்டிகோவிலிருந்து கேட்காமல் எடுத்துவந்துவிட்டாள் என்று உங்களுக்குக் கோபம். நியாயம்தான். ஆனால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "பெரியவனை ஒரு வார்த்த கேட்டுக்க கண்ணு." பெரியவரை, அதான் உங்கள் மூத்த மகனை, கேட்டிருந்தால் பழைய இரும்புக்காரர் நம்பரை அனுப்பியிருப்பார். வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏற்றுகிற அவசரத்தில் அந்தக் காருக்கு அங்கே இருந்த மரியாதை அவ்வளவுதான். அதனால் கேட்கவில்லை. உங்களைக் கேட்காததில் எனக்கு வருத்தம் உண்டு, எடுத்துவந்ததில் துளியும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மன்னிப்பாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

நந்தி மலைக் கோஷ்டியை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் பெங்களூரிலிருந்து கார்களில் கிளம்பி, தேவனஹள்ளி தாண்டி எங்காவது இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் பிள்ளைகுட்டிகளிடம் வந்து சேர்ந்துவிடுகிற நல்லவர்கள். (அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது.) அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ரேவாவின் படத்தைப் போட்டேன். இதற்கு ரிமோட் எங்கே, லைசென்ஸ் வேண்டுமா அங்கன்வாடி அட்டை போதுமா என்று பகல் முழுக்கக் கும்மாளம். ராத்திரி பதினொரு மணிக்குமேல் தனித்தனியாக மெசேஜ் வர ஆரம்பித்தது. "ஒரு ரவுண்டு தருவியா? குரூப்ல சொல்லிடாத." யார் அதிகம் சிரித்தாரோ அவர்தான் முதல் ஆள்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக மனசில் இருந்ததைக் கக்கினார்கள். பெரிய ஜெர்மன் கார் வைத்திருப்பவருக்கு ஃபியட் மல்டிப்ளா ஓட்டவேண்டுமாம். 1998இல் இத்தாலியில் வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே நெற்றி வீங்கி, அந்த வீக்கத்தில் இரண்டு விளக்கு. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர். உலகத்தில் அசிங்கமான கார் எது என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு இடம் உறுதி. அதே காரை 1999இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 2004இல் வீக்கத்தை எடுத்துவிட்டு முகத்தைச் சராசரியாக்கினார்கள். நம் ஆளுக்கு அந்தத் திருத்திய முகம் வேண்டாமாம், பழைய மூஞ்சிதான் வேண்டுமாம். இன்னொருவருக்கு நானோ. பின்னால் இன்ஜின், ஒற்றை வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. ஏழைகளின் கார் என்று பேர் வாங்கியதால் ஏழையும் சீண்டாத கார் அது. அதை வளைத்து வளைத்து ஓட்டினால் எப்படி இருக்கும் என்று அவர் தூங்காமல் யோசிக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாமவர் ஆசை. நம் பெங்களூரிலேயே செய்த சிபானி டால்ஃபின். 80களின் தொடக்கத்தில் வந்த இரண்டு கதவுக் கார், பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்துச் செய்தது. 848 சிசி இன்ஜின், உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். இடித்தால் நசுங்காது, விரிசல் விடும். முன்னாலிருந்து பார்த்தால் அலமாரி, பக்கவாட்டில் பார்த்தால் அதே அலமாரி. ஊரே சிரித்தது. ஆனால் எடை குறைவு என்பதால் சோழவரம் பந்தயத்தில் அந்த அலமாரிகள் ஃபியட்டுகளை விரட்டின. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, குடும்பஸ்தர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இவர் இன்னும் ஏதாவது கொட்டகையில் ஒன்று கிடக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார். மனைவிக்குத் தெரியாது. (இங்கே பேர் போடவில்லை, பயப்படாதீர்கள் சார்.)

என்ன கிறுக்கு என்று கேட்பீர்கள். நல்ல கார் வைத்திருக்கிறவனுக்குத்தான் இந்தக் கிறுக்கு பிடிக்கும். 150 குதிரை சக்தி வண்டியை சில்க் போர்டு சிக்னலில் நிறுத்திவைத்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த இன்ஜினின் கால்வாசியைக்கூட இந்த ஊரில் தொடமுடியாது. சோப்பு டப்பாவில் 40 கிலோமீட்டர் போனாலே மொத்த வண்டியும் வேலை செய்கிறது, ஓட்டுகிறவளுக்கும் வேலை இருக்கிறது. அழகான காரை ஓட்டும்போது நாலு பேர் பார்ப்பதற்காகவும் கொஞ்சம் ஓட்டுகிறோம். அசிங்கமான காரில் அந்தத் தொல்லை கிடையாது. இதை வெளியே சொல்ல எல்லோருக்கும் வெட்கம். நீங்களும் சொல்லவில்லை. அதற்குத்தான் வருகிறேன்.

இந்தப் பாராவை நீங்கள் தாண்டிவிடலாம், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ரேவா 2001இல் வந்த பேட்டரி கார், நம் பொம்மசந்திராவில் செய்தது. நீளம் இரண்டே முக்கால் மீட்டருக்கும் குறைவு. இரும்புச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உடம்பு, முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள் அல்லது ஒரு மூட்டை அரிசி. முன் சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரி எட்டு. முழு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்றார்கள். 2004 முதல் லண்டனில் ஜி-விஸ் என்ற பேரில் விற்றது. நகர நடுவில் வாங்கும் நெரிசல் கட்டணம் அப்போது அதற்குக் கிடையாது என்பதால் அங்கே நிறையப் பேர் வாங்கினார்கள். ஆனால் பேட்டரியைக் கழித்து 400 கிலோவுக்குள் இருந்ததால் ஐரோப்பியச் சட்டப்படி அது காரே இல்லை, குவாட்ரிசைக்கிள் என்கிற இலேசான நாலு சக்கர வாகனம், அவ்வளவுதான். நீங்கள் வாங்கிய அதே 2007இல் பிரிட்டிஷ் மோட்டார் பத்திரிகை ஒன்று அதைக் கொண்டுபோய் மோதவிட்டுப் பார்த்தது. உள்ளே இருந்த பொம்மைகளின் கதி மோசம். சின்னவன் லண்டனிலிருந்து அந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பினான். நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தீர்கள், மடித்து பால் கணக்கு நோட்டுக்குள் வைத்தீர்கள், "அங்க ரோடு காலியா இருக்கும், வேகமாப் போய் இடிப்பாங்க. இங்க எங்க கண்ணு?" என்றுவிட்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டீர்கள். மூன்று வருஷம் கழித்து கம்பெனி மஹிந்திராவிடம் போனது. 2013இல் அவர்களுடைய அடுத்த பேட்டரி கார் ஈ2ஓ வந்தபோது உங்களுக்கு அதைப் பிடிக்கவில்லை. "ரொம்பக் கார் மாதிரி இருக்கு" என்றீர்கள்.

டிரினிட்டி சர்க்கிள் ராத்திரி உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு வேறு எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை.

தலைக்கு மேல் மெட்ரோ வராத காலம். லேங்ஃபோர்டு டவுனில் ரிசப்ஷன் முடிந்து வருகிறோம், நல்ல மழை. சார்ஜ் முள் அடியில் கிடக்கிறது. நீங்கள் ஃபேனை நிறுத்தினீர்கள், வைப்பரை விட்டுவிட்டுப் போட்டீர்கள். ப்ளோயர் போட்டால் சார்ஜ் இறங்கும் என்பதால் கண்ணாடியில் படிகிற ஆவியை நான் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தேன், உங்கள் பக்கத்தையும் எட்டித் துடைத்தேன். பின் சீட்டில் தாம்பூலப் பைத் தேங்காய் உருண்டுகொண்டிருந்தது. சிக்னலில் பக்கத்தில் ஒரு ஆட்டோ. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மேடம், சார்ஜ் இதியா? தள்பேகா?" என்றான். சார்ஜ் இருக்கிறதா, தள்ளவேண்டுமா என்று கன்னடத்தில் கிண்டல். ஆட்டோவில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் கீழே குனிந்துகொண்டேன்.

குனிந்ததால்தான் பார்த்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினீர்கள். பட்டுச்சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினீர்கள். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த குமிழைத் திருப்பினீர்கள். முகம் நேராக ரோட்டைப் பார்த்தபடியே இருந்தது, ஆனால் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். பச்சை விழுந்தது. ஆட்டோக்காரன் கியர் போட்டு உறுமுவதற்குள் நாம் போய்விட்டோம். மோட்டாரின் கீச்சுச் சத்தம் ஏறிக்கொண்டே போனது, தேங்காய் பின் சீட்டில் டமார் என்று மோதியது. அல்சூர் ஏரி பக்கம் திரும்பும்வரை அந்த ஆட்டோ உங்கள் கண்ணாடிக்குள்தான் இருந்தது. அந்தத் திருப்பத்தில் நீங்கள் பிரேக்கைத் தொடவில்லை. காலை மட்டும் எடுத்தீர்கள், வண்டி தானாகத் தணிந்தது, மறுபடி மிதித்தீர்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது. என் கோஷ்டியில் பாதிப்பேருக்கு இன்னும் வரவில்லை.

கேட்டில் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "பேட்டரி எவ்வளவு தாங்குதுன்னு பாத்தேன்" என்றீர்கள்.

பேட்டரியாவது ஒண்ணாவது. நீங்கள் ரசித்தீர்கள் அத்தை. கேட்டவர்களிடமெல்லாம் பெட்ரோல் விலை, புகை, பார்க்கிங் என்று கணக்குச் சொன்னீர்கள். "சிரிக்கிறவங்க பெட்ரோல் போட்டுத் தருவாங்களா?" என்பீர்கள். பிடித்திருக்கிறது, அதனால் ஓட்டுகிறேன் என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கலாம். மாமா போன மறுவருஷம் கார் வாங்குகிறவள் அதற்கு நல்ல காரணம் ஒன்றைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அன்று யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பதும் தெரியும். அவர்களும் படிக்கிறார்கள், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

சனிக்கிழமை காலைகளை நினைத்தால் இன்னும் என்னவோ செய்கிறது. சீட்டைத் தூக்கிவைத்துவிட்டு, டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பீர்கள். துடைத்துவிட்டு வாசலின் தடவுவீர்கள். டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிப்பிடிப்பது என் வேலை. உங்கள் மாம்பழக்கலர் சுங்குடியில் ஆசிட் தெறித்துக் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள், துவைக்கத் துவைக்கப் பெரிசாகும். அந்தச் சேலையை நீங்கள் தூக்கிப்போடவே இல்லை, சனிக்கிழமைக்கென்றே வைத்திருந்தீர்கள். லித்தியம் போடு, எடை குறையும், தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பழைய மாதிரி எட்டு பேட்டரியே போட்டிருக்கிறேன். அடியில் அந்தக் கனம் இருந்தால்தான் வண்டி நம் வண்டியாக இருக்கும். விலை சொல்லமாட்டேன், என் மாமியாரும் இதைப் படிக்கிறார்.

இவ்வளவும் செய்த எனக்கு நீங்கள் சாவியை ஒருநாளும் தரவில்லை. கேன் பிடிக்க நான், துடைக்க நான், சார்ஜ் போடும்போது மாடி ஜன்னலில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்க நான். லீவுக்கு வந்த பெரியவருக்கு மட்டும் கேட்பதற்கு முன்பே சாவி. இந்த டப்பாவில் போனால் மானம் போகும் என்று பேசிய மனிதருக்கு! எனக்கு லைசென்ஸ் இருந்தது. "உனக்குக் கால் அவசரம்" என்றீர்கள். ஆட்டோக்காரனை விரட்டிய காலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளிடம் அப்படிச் சொன்னீர்கள். என் காலேஜ் வாசலில் ஹாரன் அடித்து இறக்கிவிட்டதைக்கூட மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை. பையனுக்குத் தருவதும் பெண்ணுக்கு மறுப்பதும் வண்டிச் சாவியோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். வண்டி ஓடுகிறது. ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள் மட்டும்தான். வாட்ச்மேன் கைதட்டுகிறார், பிள்ளைகள் பின்னால் ஓடிவருகிறார்கள். ரோட்டில் இறக்க முடியாது. ஆர்சி உங்கள் பேரில் இருக்கிறது, 15 வருஷக் கெடுவும் 2022இல் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவேண்டும், என் பேருக்கு மாற்றவேண்டும். 29ஆம் எண், 30ஆம் எண் படிவங்களைக் கோயம்புத்தூர் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். தேதி எழுதவேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கையெழுத்து பழைய ரெக்கார்டோடு ஒத்துப்போகவேண்டும். பேங்கில் எத்தனை பேர் செக்கை இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. போடமாட்டேன் என்றால் ஏன் என்று எழுதுங்கள், கால் அவசரம் என்பதைத் தவிர எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். போடுவதானால் கூரியரில் நீங்களே அனுப்புங்கள், கூடவே இரண்டாவது சாவியையும் வையுங்கள். பெரியவரிடம் கொடுத்துவிடவேண்டாம்.